கடைசி பஸ்ஸுக்கு அப்புறம்

மஞ்சள் வேக வைக்கிற வேலை ஓடிக்கிட்டு இருக்கு. அதனால ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியல. போன புதன்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு, கொப்பரைக்கு அடியில தீயைத் தள்ளி விட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி மகள் கோயமுத்தூர்ல இருந்து போன் பண்ணினாள்.

"பெரியப்பா, இப்பத்தான் ரூமுக்கு வந்தேன். காலைல கூட வேலை பாக்கற அக்கா கார்ல போனேன். அவங்க குழந்தைக்குக் காய்ச்சல்னு நாலு மணிக்கே கிளம்பிட்டாங்க. எனக்கு எட்டு மணி வரைக்கும் வேலை. ஆபீஸ்ல ஒரு நம்பர் வச்சிருக்காங்க, சொன்னா வண்டி வந்து வீட்டுல விட்டுரும். நம்மூர்ல இப்படி மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"நடப்போம் அம்முணி"ன்னு சிரிச்சுட்டு வச்சுட்டேன். ஆனா அந்தக் கேள்வி அடுப்போட கூடவே எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா எங்க குடும்பத்துல அது சிரிக்கிற கேள்வி இல்லை. ராத்திரி தூக்கம் வராத நேரத்துல படிச்சதையும், எங்க ஊர்ல பார்த்ததையும் சேர்த்து எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

எங்க அப்பாரு காலத்துல 'கடைசி வண்டி'ன்னு ஒரு பேச்சே கிடையாது. புளியம்பட்டிச் சந்தைக்குப் போறதுன்னா முதல் நாளே மாட்டு வண்டி கட்டுவாங்க. நாலஞ்சு வண்டி ஒண்ணு சேர்ந்து போகும். வேலை முடிஞ்சா கிளம்பறது, முடியலைன்னா வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கறது. வண்டிக்காரன் தூங்கினாலும் மாடு வீட்டுக்கு வந்து சேர்ந்துரும். வண்டி நமக்காகக் காத்திருந்த காலம் அது. வண்டிக்காக நாம காத்திருக்கிற காலம் பஸ்ஸோட வந்தது. கடிகாரம் பார்த்து ஓடுற ஒண்ணு வந்த பிறகுதானே அதை 'விட்டுர' முடியும்?

தமிழ்நாட்டுல பஸ் கதைன்னா டி.வி. சுந்தரம் அய்யங்காரைத் தவிர்க்க முடியாது. 1912ல பஸ் தொழிலுக்கு வந்தவர். டி.வி.எஸ். பஸ் வந்து நிக்கறதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பாங்கன்னு மதுரைப் பக்கத்துப் பெரியவங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. இரண்டாம் உலகப் போர் நேரத்துல பெட்ரோலுக்குப் பஞ்சம். அப்ப கரியை எரிச்சு அதுல வர்ற வாயுவுல பஸ் ஓட்டுற எந்திரத்தை டி.வி.எஸ். செஞ்சு கொடுத்துச்சு. எங்க அப்பாரு அதைக் 'கரி பஸ்'னு சொல்லுவார். மேடு வந்தா இறங்கித் தள்ளணுமாம். எங்க கொங்குப் பக்கம், பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர் 1930களில் ஆரம்பிச்ச ஆனைமலைஸ் பஸ் பேர் பெற்றது.

1972ல பெரிய மாற்றம். ஐம்பது பஸ்ஸும் அதுக்கு மேலயும் வச்சிருந்த தனியார் முதலாளிகளோட பஸ்களை அரசு எடுத்துக்கிச்சு. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன். 1983ல சேரனைப் பிரிச்சு ஈரோட்டுக்கு ஜீவா வந்தது. எனக்கு அப்பப் பதினோரு வயசு. பஸ்ஸோட பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சது ஞாபகம் இருக்கு. 1997ல இந்தப் பேரெல்லாம் போய், எல்லாம் 'தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம்' ஆச்சு.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு தெரியாம இருக்கலாம். கிராமத்துக்கு முக்கியம் பகல் பஸ் இல்லை. 'ஹால்ட் பஸ்'தான். ராத்திரி கடைசி நடை வந்து ஊர்லயே நிக்கும். டிரைவரும் கண்டக்டரும் கோயில் திண்ணையிலயோ பஸ்ஸுக்குள்ளயோ படுத்துக்குவாங்க. யார் வீட்டுல இருந்தாவது சாப்பாடு போகும். விடியக் காலம் அஞ்சு மணிக்கு அதே பஸ் பால் கேன், காய்க் கூடை, பூ மூட்டையோட கிளம்பும். ஒரு ஊருக்கு ஹால்ட் பஸ் வந்தா, அந்த ஊர்ப் பிள்ளைகள் ஈரோட்டுல ஏழு மணி வரைக்கும் இருந்துட்டுத் தைரியமா வரலாம்னு அர்த்தம். பொண்ணு கேட்டு வர்றவங்ககூட "ஊருக்கு ஹால்ட் வண்டி இருக்குதுங்களா?"ன்னு கேப்பாங்க.

எங்க ஊருக்கு அது வரலை. கோபி, சத்தி ரோட்டுல இருந்து மூணு கிலோமீட்டர் உள்ளே இருக்கு எங்க ஊர். ரோட்டுல பஸ் உண்டு. அந்தப் பிரிவுல இருந்து உள்ளே வர்றதுக்குத்தான் வழி இல்லை. டவுன் பஸ் ஏழே கால் மணிக்கு வந்து திரும்பிட்டா அவ்வளவுதான்.

1985 மாசி மாசம். அப்பா மஞ்சள் மூட்டையோட ஈரோடு மண்டிக்குப் போயிருந்தார். ஏலம் தள்ளிப் போச்சு, பணம் கைக்கு வர ராத்திரி ஆயிருச்சு. கையில பணம். இருட்டுல மூணு கிலோமீட்டர் நடக்கணும். "காலைல போயிக்கலாம்"னு பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலயே உட்கார்ந்துட்டார். அன்னைக்கு ராத்திரிதான் அப்பத்தாவுக்கு நெஞ்சு வலி வந்தது. சொல்லி அனுப்ப ஊர்ல போன் கிடையாது. விடிஞ்சு ஆறரை மணிக்கு அப்பா வந்து இறங்கினப்ப வாசல்ல பந்தல் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அவர் ஒரு வார்த்தை பேசலை. அடுத்த வருஷம் மஞ்சள் பணத்துல முதல் வேலையா ஒரு டி.வி.எஸ். 50 வாங்கினார். அதுக்கப்புறம் அவர் சாகிற வரைக்கும் சாயங்கால பஸ்ஸுல ஏறினதே இல்லை.

இதை ஏன் சொல்றேன்னா, இதே பயம்தான் அமெரிக்காவுல ஒரு திட்டமாவே மாறியிருக்கு. அந்தக் கதையைப் படிச்சப்ப எங்க அப்பா பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்துச்சு.

அமெரிக்காவுல ஆளுக்கொரு கார். எல்லாருக்கும் தெரியும். ஆனா அவங்களும் ரெண்டு தடவை காரைப் பங்கு போட்டுக்க வேண்டி வந்தது. முதல் தடவை, இரண்டாம் உலகப் போர்ல. டயருக்கு ரப்பர் இல்லை, பெட்ரோலுக்குக் கூப்பன். தனியா கார் ஓட்டினா பக்கத்துல ஹிட்லரை உட்கார வச்சு ஓட்டுற மாதிரின்னு 1943ல அரசாங்கமே போஸ்டர் அடிச்சு ஒட்டுச்சு. போர் முடிஞ்சதும் போஸ்டரும் போச்சு, பங்கும் போச்சு.

ரெண்டாவது தடவை 1973. அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினாங்க. பெட்ரோல் பங்குகள்ல மைல் கணக்குல வரிசை. அதே வருஷம், எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குச் சில மாசம் முன்னாடியே, மினசோட்டா மாநிலம் செயின்ட் பால்ல 3எம் கம்பெனி ஆறு வேன் வாங்கி, தொழிலாளிகளே ஓட்டிக்கிட்டு வர்ற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. கார் நிறுத்த இடம் போதலைங்கறதுதான் அவங்களுக்குப் பிரச்சினை. 1974 ஜனவரியில கார் பூலிங்குக்குப் பணம் கொடுக்க மத்திய அரசு சட்டமே போட்டுச்சு. வாஷிங்டனுக்குள்ள போற ஷெர்லி நெடுஞ்சாலையில பஸ்ஸுக்குன்னு ஒதுக்கின தடத்துல, நாலு பேர் இருக்கிற காரும் போகலாம்னு 1973 டிசம்பர்ல திறந்து விட்டாங்க. அதுல இருந்து ஒரு வேடிக்கை கிளம்புச்சு. தனியா வர்ற கார்க்காரர் பஸ் ஸ்டாப்புல நிக்கிற முன்பின் தெரியாத ஆட்களை ஏத்திக்கிட்டு, எண்ணிக்கையைச் சரி பண்ணி, வேகத் தடத்துல போயிருவார். காசு கிடையாது. ஏறுறவங்களுக்கு 'ஸ்லக்'னு பேர். இன்னைக்கும் நடக்குது.

இவ்வளவு பண்ணியும் பெரும்பாலான ஜனம் தனியாத்தான் கார் ஓட்டிக்கிட்டுப் போச்சு. ஏன்னு கேட்டப்ப வந்த பதில்ல ஒண்ணு எங்க ஊர்ப் பதில்: "குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு மத்தியானம் பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்தா நான் எப்படிப் போறது? திடீர்னு மேனேஜர் இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கச் சொன்னா என்னை யார் கொண்டு போய் விடறது?"

அதாவது வருஷத்துல இருநூத்தைம்பது நாள் பிரச்சினையே இல்லை. அந்த ரெண்டு நாளுக்காக, மீதி நாள் எல்லாம் காரைத் தனியா ஓட்டிக்கிட்டுப் போறாங்க. எங்க அப்பா ஒரு ராத்திரிக்காக வண்டி வாங்கின மாதிரியேதான்.

இந்த முடிச்சை அவிழ்க்க அவங்க கண்டுபிடிச்ச வழிக்கு, 'எப்படியும் வீடு சேர்ப்போம்' என்கிற அர்த்தத்துல ஒரு பேர் வச்சாங்க. 1980களில் அங்கங்கே கம்பெனி அளவில் ஆரம்பிச்சது. அதுக்குக் காற்று மாசும் ஒரு காரணம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் புகைமூட்டம் தாங்க முடியாம, 1987ல அங்கிருக்கிற காற்றுத் தர ஆணையம் ஒரு விதி கொண்டு வந்தது. ஒரே இடத்துல நூறு பேருக்கு மேல வேலை பார்க்கிற கம்பெனிகள், தனியா காரில் வர்ற ஆட்களைக் குறைக்கத் திட்டம் போட்டுத் தரணும். 1990ல திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம், மாசு மோசமா இருந்த நகரங்களுக்கெல்லாம் அதே மாதிரி கட்டாயம் கொண்டு வந்தது. முதலாளிகள் சத்தம் போட்டாங்க. 1995 கடைசியில கட்டாயத்தை எடுத்துட்டாங்க. ஆனா அந்தச் சில வருஷத்துல பழகிப் போன ஒண்ணு தங்கிருச்சு. அதுதான் இந்த வீடு சேர்க்கிற வண்டி. 1997ல வாஷிங்டன் வட்டாரம் முழுசுக்கும் ஒரே ஏற்பாடாவே அதை நடத்த ஆரம்பிச்சாங்க.

அது எப்படி நடக்குதுன்னா: நீங்க வாரத்துல சில நாளாவது பஸ், ரயில், பங்குக் கார், சைக்கிள், நடைன்னு வேலைக்குப் போறவரா இருக்கணும். பேரைப் பதிஞ்சு வச்சுக்கணும். உடம்பு சரியில்லை, வீட்டுல அவசரம், சொல்லாம கொள்ளாம வேலை நீண்டு போச்சு, இப்படி ஏதாவது வந்தா போன் பண்ணினா டாக்சியோ வாடகைக் காரோ வரும். பணம் அவங்க கொடுப்பாங்க. வருஷத்துக்கு இத்தனை தடவைதான்னு கணக்கு உண்டு. முன்னாடியே தெரிஞ்ச வேலைக்குக் கிடையாது. கடைக்குப் போகக் கிடையாது. அன்னைக்கு நீங்களே காரை ஓட்டிக்கிட்டு வந்திருந்தாலும் கிடையாது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. பதிஞ்சு வச்சவங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேர்தான் அந்த வண்டியைக் கூப்பிடறாங்க. அதனால செலவும் கொஞ்சம்தான். கூப்பிடறதுக்காக அது இல்லை. கூப்பிடலாம்ங்கிற தைரியத்துக்காக இருக்கு. தோட்டத்துல ரெண்டாவது மோட்டார் வச்சிருக்கிற மாதிரி. அது ஓடறது வருஷத்துல நாலு நாள். ஆனா அது இருக்குங்கிற தைரியத்துலதான் நான் வாழை வைக்கிறேன்.

இப்ப நம்ம ஊருக்குத் திரும்புவோம். அமெரிக்கா பொதுவா ஒரு வண்டி வச்சுச் சமாளிச்ச பிரச்சினையை, நாம ஆளுக்கொரு வண்டி வாங்கிச் சமாளிச்சோம். 1980ல ஓசூர்ல இருந்து டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. ரெண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட், அதுவரை நாட்டுல இல்லாதது. பால் கேனையும் புல்லுக்கட்டையும் கட்டிக்கிட்டுப் போகலாம். கடிகாரம் மாதிரி பஸ் ஓட்டின அதே குடும்பத்து ஆலையில இருந்துதான், பஸ்ஸோட கடிகாரத்துக்குப் பயப்பட வேண்டாம்னு சொன்ன வண்டியும் வந்தது. வரலாறு இப்படித்தான் விளையாடும் போல.

ஆனா அதுக்கு ஒரு விலை இருந்துச்சு. நான் மறைக்காம சொல்றேன். அப்பாவுக்கு அப்புறம் நானும் பஸ்ல போகலை. என் பங்காளிகளும் போகலை. வண்டி வாங்க முடிஞ்ச ஆம்பளைங்க எல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கிட்டோம். சாயங்கால நடையில ஆறு பேர், எட்டு பேர்னு ஆச்சு. கூட்டம் இல்லாத நடை எத்தனை வருஷம் ஓடும்? எங்களுக்குத்தான் வழி கிடைச்சது. வண்டி ஓட்டத் தெரியாத அம்மாக்களுக்கும், வயசானவங்களுக்கும், படிக்கிற பிள்ளைகளுக்கும் இருந்த வழியும் போச்சு. அந்த பஸ் நின்னதுக்கு நானும் ஒரு காரணம்.

அரசாங்கம் சும்மா இருக்கலை. 1997ல மினி பஸ் திட்டம் வந்தது. பெரிய பஸ் போகாத ஊர்களுக்குத் தனியார் சின்ன பஸ் ஓட்டலாம். 2021ல சாதாரண டவுன் பஸ்ஸுல பெண்களுக்குக் கட்டணமில்லைன்னு ஆச்சு. எங்க ஊர்ப் பொம்பளைங்க கோபிக்கு வேலைக்குப் போறது அதுல இருந்து கூடுச்சு, கண்ணால பார்க்கிறேன். ஆனா டிக்கெட் காசு ஒரு கவலைன்னா, திரும்பி வர்ற நேரம் இன்னொரு கவலை. ஓசி டிக்கெட் கையில இருந்தும் பஸ் இல்லைன்னா என்ன பண்றது?

இன்னொரு கதையும் இதுல சேர்ந்தது. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்துல 66ஆம் பிரிவு, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல காலை ஆறு மணி வரைக்கும் பெண்களைத் தொழிற்சாலையில வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. 2000 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம், அது பெண்களைப் பாகுபடுத்துது, செல்லாதுன்னு தீர்ப்புச் சொன்னது. அதோட நிறுத்தலை. ராத்திரி வேலை கொடுத்தா என்னென்ன பாதுகாப்புச் செய்யணும்னு பட்டியல் போட்டுச்சு. அதுல வீட்டுல இருந்து கூட்டிட்டுப் போய்த் திரும்ப வீட்டுல கொண்டு வந்து விடற வண்டியும் ஒண்ணு. வேலை செய்யற உரிமையோட கூடவே வீடு திரும்பற வழியையும் சேர்த்துச் சொன்ன தீர்ப்பு அது. இன்னைக்கு விடியக்காலம் எங்க பிரிவுல வந்து நிக்கிற திருப்பூர் கம்பெனி வேனைப் பார்க்கிறப்ப எல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

வண்டி இருந்தா மட்டும் போதாதுங்கறதையும் சொல்லணும். 2005 டிசம்பர்ல பெங்களூர்ல, ராத்திரி வேலைக்குக் கூட்டிட்டுப் போக வந்த வண்டியை ஓட்டினவனாலேயே ஒரு கால் சென்டர் பெண் கொலை செய்யப்பட்டாள். ஓட்டுறவன் யார்னு விசாரிக்கிறது, வண்டியில பாதுகாவலர், கடைசியா இறங்கறது பெண்ணா இருக்கக் கூடாதுங்கிற முறை, இதெல்லாம் அதுக்கப்புறம்தான் இறுகுச்சு. 'எப்படியும் வீடு சேர்ப்போம்'னு சொல்றதுல வண்டியை விட ஓட்டுற ஆள் முக்கியம்.

எங்க ஊருக்கு ராத்திரி எட்டே முக்காலுக்கு ஒரு மினி பஸ் வந்துக்கிட்டு இருந்தது. 2020 கொரோனா ஊரடங்குல நின்னது, திரும்ப வரலை. மேலத் தோட்டத்து அண்ணன் மகள் கோபியில நர்சிங் படிக்குது. ஆஸ்பத்திரிப் பயிற்சி சில நாள் எட்டு மணி வரைக்கும் போகும். ரோட்டு பஸ்ஸைப் பிடிச்சுப் பிரிவுல இறங்கிடலாம். அப்புறம் மூணு கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் கரும்புக் காடு, தெரு நாய், விளக்கு கிடையாது. அண்ணனுக்கு ராத்திரியில கண் சரியாத் தெரியாது, வண்டி ஓட்ட முடியாது. "படிப்பை நிறுத்திரலாம்னு இருக்கேன் தம்பி"ன்னு என்கிட்ட வந்து சொன்னார். ரெண்டு வருஷம் படிச்ச பிள்ளை. மூணு கிலோமீட்டருக்காக.

எனக்கு எங்க அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சுதான் கண்ணுல வந்தது.

டீக்கடையில பேசினோம். ஏழு பேர் முன்வந்தோம். அதுல ரெண்டு பேர் மகளிர் குழு அக்காமார், ஸ்கூட்டி வச்சிருக்காங்க. கிழமைக்கு ஒரு ஆள். பிரிவுல இருக்கிற பேக்கரிக் கடைக்காரர்கிட்டச் சொல்லி வச்சோம், நாங்க வர்ற வரைக்கும் பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்துல உட்கார்ந்துக்கலாம். பஸ் ஏறினதும் போன்ல ஒரு வரி. அன்னைக்கு யார் முறையோ அவங்க கிளம்பணும். பொம்பளைப் பிள்ளைகள் கேட்டா அக்காமார்ல ஒருத்தர்தான் போவாங்க. சினிமாவுக்குப் போயிட்டு வர்றவனுக்குக் கிடையாது. தண்ணி போட்டவனுக்குச் சத்தியமா கிடையாது. அமெரிக்காக்காரன் விதி எழுதினதைப் படிக்கிறதுக்கு முன்னாடியே நாங்களும் கிட்டத்தட்ட அதே விதியைத்தான் போட்டிருந்தோம்னு இப்ப நினைச்சாச் சிரிப்பா இருக்கு.

பதினாலு மாசம் ஆச்சு. நோட்டுல எழுதி வச்சிருக்கேன். மொத்தம் இருபத்தி மூணு தடவைதான் கூப்பிட்டிருக்காங்க. மாசத்துக்கு ரெண்டு தடவைகூட இல்லை. ஆனா அந்த நம்பரை நம்பி இப்ப பதினோரு பேர் பஸ்ல போய் வர்றாங்க. அதுல மூணு பேர் புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க. ஒரு பையன் கடன்ல பைக் வாங்கறதா இருந்தான், வேண்டாம்னு விட்டுட்டான். அண்ணன் மகள் மூணாம் வருஷம் படிக்குது.

இது நிரந்தர வழி இல்லைங்க. ஏழு பேரோட நல்ல மனசை நம்பி ஒரு ஊர் எத்தனை நாள் ஓடும்? எட்டே முக்கால் பஸ் திரும்ப வரணும். அதுக்கு மனு கொடுத்திருக்கோம். பஸ்ல ஆள் இருக்குன்னு காட்ட அந்தப் பதினோரு பேர் கணக்கையும் சேர்த்து எழுதியிருக்கேன்.

தம்பி மகளுக்கு நேத்துப் போன் பண்ணி இதெல்லாம் சொன்னேன். "அப்ப உங்ககிட்டயும் அந்த நம்பர் இருக்குதா பெரியப்பா?"ன்னு கேட்டாள். "இருக்குது கண்ணு. வியாழக்கிழமை என் நம்பர்தான்"னு சொன்னேன்.

இன்னைக்கு வியாழன். கொப்பரைக்குப் பக்கத்துல வண்டிச் சாவியை வச்சுக்கிட்டு எழுதிக்கிட்டு இருக்கேன். மணி எட்டேகால். இன்னும் யாரும் கூப்பிடலை.